தொடக்கப் பள்ளிக் குடும்பங்களுக்கான செய்திமடல்: தேதியில் தொடங்கித் திருத்தம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிச் செய்திமடல் தயாரிக்கப் புதிதாக வருபவர்கள் முதல் நாளே கணினியைத் திறந்து, தலைப்புக்கு நல்ல எழுத்துருவும் ஓரத்துக்குப் பூக்கொடியும் தேடுவார்கள். இரண்டாம் நாள் தலைமை ஆசிரியரின் வாழ்த்துரைக்காகக் காத்திருப்பார்கள். ஐந்தாம் நாள் இரவு பதினொரு மணிக்குத் தேதிகளை அவசரமாகத் தட்டச்சு செய்வார்கள். மறுநாள் காலை, சனிக்கிழமை என்று போட்ட நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை என்று தெரியவரும்.

சில ஆண்டுகள் இந்த வேலையைச் செய்து, பிறகு வேறு சிலருக்குக் கைமாற்றிக் கொடுத்தவன் நான். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை திறமைக் குறைவால் வந்தவை அல்ல. வேலையை முன்பின்னாகச் செய்ததால் வந்தவை. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் ஒரு மாதம் செய்து பாருங்கள். உங்கள் பள்ளிக்கு ஏற்ற மாற்றங்களை அதன் பிறகு செய்துகொள்ளலாம்.

ஒரு காட்சியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலை நேரம். வாசலில் பிள்ளை ஒரு ஷூவை மாட்டிவிட்டு இன்னொன்றைத் தேடுகிறது. அம்மாவோ அப்பாவோ பாட்டியோ ஒரு கையில் புத்தகப் பையும் மறு கையில் கைபேசியுமாக நிற்கிறார். இன்று என்ன கொடுத்தனுப்ப வேண்டும், எத்தனை மணிக்கு அழைத்துவர வேண்டும், எதில் கையெழுத்திட வேண்டும்? இந்த மூன்றுக்கும் அரை நிமிடத்தில் விடை கிடைக்காவிட்டால், அந்த மடலில் வேறு என்ன இருந்தும் அவருக்குப் பயனில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, பள்ளி ஒப்புதல் அளித்த ஆண்டு நாட்காட்டி. விடுமுறை, அரை நாள், தேர்வு, பெற்றோர் சந்திப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாய்வழியாகக் கேட்ட தேதியை நம்பி எதையும் எழுதாதீர்கள். ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் அடுத்த நாளே மாற்றியிருப்பார்.

இரண்டாவது, ஒப்புதல் தருபவர் யார் என்பது. ஒரே ஒருவராக இருக்கட்டும். அவர் விடுப்பில் போனால் பார்ப்பவர் யார் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மூன்று பேர் ஒப்புதல் தர வேண்டும் என்ற ஏற்பாட்டில், மூவருமே மற்ற இருவர் படித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, புகைப்படம் வெளியிடச் சம்மதம் தராத குடும்பங்களின் பட்டியல். இது வகுப்பாசிரியர்களிடம் தனித்தனியாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்த்து வாங்குங்கள். அந்தத் தாளைக் குழுக்களில் பகிராதீர்கள்.

நான்காவது, குடும்பங்களின் எண்ணிக்கை. மாணவர் எண்ணிக்கையை வைத்துத் தாள் அச்சிட்டால், உடன்பிறந்தோர் உள்ள வீடுகளுக்கு இரண்டு மூன்று பிரதிகள் போகும். கைபேசிக்கு அனுப்பினால் போதும் என்பவர்கள் எத்தனை பேர், தாளில்தான் வேண்டும் என்பவர்கள் எத்தனை பேர், வேறு மொழியில் வேண்டும் என்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவை நான்கும் கையில் இல்லாமல் தொடங்கியவர்கள் நடுவில் நின்று அலைவதைப் பார்த்திருக்கிறேன். பட்டியல் திரட்ட ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் வேலைதான்.

2. வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுதல்

மடல் வெளியாகும் கிழமையை மாற்றாதீர்கள். எனக்கு வியாழன் பிடிக்கும். குடும்பங்கள் வார இறுதியில்தான் அடுத்த வாரத்தைத் திட்டமிடுகின்றன. வியாழன் அனுப்பினால், அதில் ஒரு பிழை தெரியவந்தாலும் வெள்ளிக்கிழமை பள்ளி திறந்திருக்கும்போதே திருத்தம் அனுப்ப ஒரு நாள் கையில் இருக்கும். வெள்ளி மாலை அனுப்பியவர்கள், கேள்வி கேட்கும் பெற்றோருக்குத் திங்கள் வரை தாமே பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

வியாழன் வெளியீடு என்றால் புதன் நண்பகலுக்குள் ஒப்புதல், செவ்வாய் முழுவதும் எழுத்தும் பக்க அமைப்பும், திங்கள் மாலையுடன் செய்தி வாங்குவது நிறுத்தம். திங்களுக்குப் பிறகு வரும் செய்தி அடுத்த மடலுக்குத்தான். இதில் ஒருமுறை இளகினால், அடுத்த முறை புதன் மாலை கூட ஒருவர் கதவைத் தட்டுவார். தேதி மாற்றமும் பாதுகாப்பு அறிவிப்பும் மட்டும் இதற்கு விலக்கு.

குடும்பம் ஏதாவது செய்ய வேண்டிய அறிவிப்பு என்றால், ஒரு மடலில் போட்டுவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. கல்விச் சுற்றுலாவை எடுத்துக்கொள்வோம். பயண நாளிலிருந்து பின்னோக்கிப் போங்கள்: வண்டிக்குத் தலை எண்ணிக்கை எப்போது சொல்ல வேண்டும்? அதற்கு இரண்டு பள்ளி நாள் முன்பு ஒப்புதல் படிவத்தின் கடைசி நாள். அதற்கும் இரண்டு வாரம் முன்பு படிவம் வீட்டுக்குப் போக வேண்டும். ஆக, முதல் அறிவிப்பு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே வந்தாக வேண்டும். பிறகு கடைசி நாளுக்கு முந்தைய வாரம் ஒரு நினைவூட்டல், பயணத்துக்கு முந்தைய நாள் ஒரு சிறு குறிப்பு.

கடைசி நாளைத் திங்கள் என்று வைக்காதீர்கள். வார இறுதியில் பையின் அடியில் போன படிவம் திங்கள் காலை கிடைக்காது. புதன் அல்லது வியாழன் என்று வைத்தால், மறந்தவர்களிடம் மறுநாளே கேட்க முடியும்.

3. நாட்காட்டியை முதலில் பூட்டுதல்

இந்தப் படியில் நீங்கள் செலவிடும் ஒரு மணி நேரம் மற்ற எல்லாப் படிகளையும் காப்பாற்றும். செய்தி எழுதத் தொடங்கும் முன், அடுத்த நான்கைந்து வாரத் தேதிகளை எழுதி, ஒப்புதல் தருபவரிடம் அதை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கிழமையும் தேதியும் பொருந்தாமல் போவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. காரணம் எப்போதும் ஒன்றே: பழைய மடலை நகலெடுத்து மேலே எழுதுவது. சாதாரண ஆண்டுக்கு 365 நாள், அதாவது 52 வாரமும் ஒரு நாளும். ஆகவே ஒரே தேதி அடுத்த ஆண்டு ஒரு கிழமை தள்ளிப்போகும். 2026 மார்ச் 12 வியாழன், 2027 மார்ச் 12 வெள்ளி. நடுவில் பிப்ரவரி 29 வந்துவிடுவதால் 2028 மார்ச் 12 ஞாயிறு.

மாதத்துக்கு மாதம் நகலெடுப்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 28 நாள் உள்ள பிப்ரவரியின் பட்டியலை நகலெடுத்து மார்ச் என்று மாற்றினால் கிழமைகள் அப்படியே பொருந்திவிடும். அந்த நம்பிக்கையில் மார்ச்சை ஏப்ரல் என்று மாற்றினால் மூன்று கிழமை தவறும். நானும் ஒருமுறை இதில் விழுந்தவன். பூட்டிய கதவுக்கு முன் நான்கு குடும்பங்கள் குழந்தைகளோடு நின்றன. அதன் பிறகு தேதி எழுதும்போதெல்லாம் அந்த ஆண்டின் நாட்காட்டியை மேசைமேல் விரித்து வைத்துக்கொள்கிறேன்.

தேதியோடு ஆண்டையும் எழுதுங்கள். இது வீண் என்று பலர் வாதிடுவார்கள். ஆனால் கைபேசியில் அனுப்பியது அழிவதில்லை. போன ஆண்டு அரை நாள் விடுமுறை அறிவிப்பை யாரோ ஒருவர் தவறுதலாக மறுபடி அனுப்பிவிட, ஆண்டு இல்லாததால் அதை நம்பி முன்னதாகவே அழைத்துப்போக வந்தவர்கள் உண்டு.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தொடங்கும் நேரம் இருக்கும், முடியும் நேரம் இருக்காது. குடும்பங்களுக்கு அதிகம் தேவைப்படுவது முடியும் நேரமே. வேலையிலிருந்து யார் கிளம்ப வேண்டும், யார் அழைத்துவர வேண்டும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தவை. ஆசிரியர் ‘தோராயமாகத்தான் சொல்ல முடியும்’ என்றால், தோராயம் என்றே எழுதிப் போடுங்கள்.

இவற்றோடு, எந்த வகுப்புக்கு, எந்த வாசல் வழியாக, என்ன கொண்டுவர வேண்டும், சீருடையா வேறு உடையா, பெரியவர் உடன் வர வேண்டுமா, தம்பி தங்கையை அழைத்து வரலாமா, கட்டணம் உண்டா, யாரிடம் கேட்பது என்பனவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். எல்லாம் எல்லா நிகழ்ச்சிக்கும் பொருந்தாது. கட்டணம் இல்லை என்றால் ‘கட்டணம் இல்லை’ என்று எழுதுவது முக்கியம். அந்த வரி இல்லாவிட்டால், கையில் பணம் இல்லாத குடும்பம் பேசாமல் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளும்.

பூட்டுவதற்கு முன் மோதல் பாருங்கள். ஒரே வீட்டில் முதல் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் பிள்ளைகள் இருந்தால், இரண்டு வகுப்புப் பெற்றோர் சந்திப்பும் ஒரே நேரத்தில் நடந்தால் அவர்கள் எங்கே போவார்கள்? மூத்த பிள்ளைகள் படிக்கும் அடுத்த பள்ளியின் தேர்வு நாள், பல சமயத்தவரின் பண்டிகை நாள் ஆகியவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை. ஆனால் அச்சேறும் முன் எடுத்துச் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் இருக்க மாட்டார். எல்லாத் தேதிகளையும் ஒரே இடத்தில் பார்ப்பவர் நீங்கள்தான்.

திறந்த வெளியில் நடக்கும் நிகழ்ச்சி என்றால், மழை பெய்தால் என்ன ஆகும் என்பதை முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். மாற்று நாள் எது, முடிவை எத்தனை மணிக்கு எந்த வழியில் தெரிவிப்பீர்கள் என்ற இரண்டு விவரம் போதும்.

4. வகுப்புகளிலிருந்து செய்தி திரட்டுதல்

‘உங்கள் வகுப்பில் ஏதாவது செய்தி உண்டா?’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். இந்த வாரம் பிள்ளைகள் கையால் எதைச் செய்தார்கள்? எதைப் பார்த்து வியந்தார்கள்? அடுத்த வாரம் எதைத் தொடங்கப்போகிறீர்கள்? எழுத நேரமில்லாத ஆசிரியரிடம் கைபேசியில் குரல்பதிவாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடப் பேச்சில் ஒரு பத்திக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

வந்த செய்தியில் ‘மாணவர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்’ என்ற வாக்கியம் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். எந்தப் பள்ளியின் எந்த நிகழ்ச்சிக்கும் பொருந்தும் வாக்கியம் அது. அதற்குப் பதிலாக நடந்ததைச் சொல்லுங்கள்: ‘இரண்டாம் வகுப்பில் ஈரப்பஞ்சில் அவரை விதைகளை வைத்தார்கள். ஒரு கிண்ணம் ஜன்னலோரம், ஒரு கிண்ணம் இருட்டான அலமாரிக்குள். இரண்டும் முளைத்தன. அலமாரிச் செடி வெளுத்துப்போய், ஆனால் அதிக உயரமாக வளர்ந்திருந்தது. ஏன் என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்.’

அந்தக் கடைசி வாக்கியம்தான் பத்தியின் பயன். ‘இன்று பள்ளியில் என்ன செய்தாய்?’ என்ற கேள்விக்கு எல்லா வீட்டிலும் ‘ஒன்றுமில்லை’ என்பதே பதில். அலமாரிச் செடியைப் பற்றிக் கேட்டால் பிள்ளை பேசும்.

ஒரு மடலில் எல்லா வகுப்புக்கும் இடம் தர முயலாதீர்கள். சுற்று முறையில் இரண்டு வகுப்பு, கொஞ்சம் நீளமாக. எந்த வகுப்பு எப்போது வந்தது என்று குறித்து வைத்தால் ‘எங்கள் வகுப்பு வரவே இல்லை’ என்ற மனக்குறைக்கு உடனே விடை சொல்லலாம். தமக்குச் செய்தி எழுதவே தெரியாது என்பவர்களிடமிருந்துதான் பல முறை நல்ல செய்தி வரும்.

5. படமும் பெயரும்

படம் எடுக்கும் முன்பே சம்மதப் பட்டியலைப் பாருங்கள். எடுத்த பிறகு பார்த்தால், அழகான படத்தில் சம்மதம் இல்லாத ஒரு பிள்ளை நடுவில் நிற்கும். உடனே ஒருவர் அந்த முகத்தின் மேல் மஞ்சள் சிரிப்புப் பொம்மையை ஒட்டுவார். வகுப்பில் எல்லாருக்கும் அது யார் என்று தெரியும். அந்தப் பிள்ளைக்கு அது அவமானம். கைகள், முதுகுப்பக்கம், செய்த பொருள், வரைந்த ஓவியம் என்று எடுத்துப் பழகினால் இந்தச் சிக்கலே வராது. படமும் பெரும்பாலும் இன்னும் நன்றாக அமையும்.

முகமும் முழுப்பெயரும் வகுப்பும் ஒன்றாக வர வேண்டாம். முகம் இருந்தால் பெயர் வேண்டாம், பெயர் இருந்தால் முகம் வேண்டாம். படத்தின் பின்னணியையும் பெரிதாக்கிப் பாருங்கள். சுவரில் ஒட்டிய தொலைபேசிப் பட்டியலோ, சட்டையில் குத்திய பெயர் அட்டையோ, மதிப்பெண் தாளோ கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் மறைந்திருக்கக்கூடும். கேமரா அமைப்பில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இந்த விவரம் நீங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று ஆவணமாக அனுப்பினால் அது அப்படியே கூடவே போகும்.

யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்தில் மடலைப் போடுகிறீர்கள் என்றால், பிள்ளைகள் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருப்பார்கள் என்பதைப் போடாதீர்கள். சுற்றுலாவின் நேர விவரம் அந்த வகுப்புக் குடும்பங்களுக்கு மட்டும். படங்களைப் பிள்ளைகள் திரும்பி வந்த பிறகு போடுங்கள்.

6. எழுதும் முறை

தமிழில் வினை கடைசியில் வருகிறது. இது நம் மொழியின் இயல்பு. ஆனால் அறிவிப்பு எழுதும்போது இதை நினைவில் வைக்காவிட்டால், படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது இருபதாவது சொல்லில்தான் தெரியவரும். இதைப் பாருங்கள்:

‘எதிர்வரும் வியாழக்கிழமை அன்று மூன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு நடைபெறவுள்ள கல்விச் சுற்றுலாவில் தங்கள் குழந்தைகள் பங்கேற்பதற்கான ஒப்புதல் படிவத்தினைப் பூர்த்தி செய்து வகுப்பாசிரியரிடம் உரிய நேரத்தில் சமர்ப்பிக்குமாறு பெற்றோர்கள் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வியாழன், உரிய நேரம் எது, படிவம் எங்கே என்று எதுவும் தெரியவில்லை. மாற்றி எழுதினால்:

‘மூன்றாம் வகுப்பு: சுற்றுலாப் படிவத்தில் கையெழுத்திட்டு 4.3.2026 புதனுக்குள் அனுப்புங்கள். படிவம் பிள்ளையின் வீட்டுப்பாடப் பையில் இருக்கிறது. பயணம் 12.3.2026 வியாழன், காலை 8.30 முதல் மாலை 3.30 வரை.’

யாருக்கு என்பது முதல் சொல்லிலேயே வந்துவிடுகிறது. மூன்றாம் வகுப்பில் பிள்ளை இல்லாதவர் அங்கேயே கண்ணை நகர்த்திவிடலாம். பணிவு குறைந்துவிட்டதே என்று சிலர் வருந்துவார்கள். படிப்பவரின் நேரத்தை மதிப்பதும் பணிவுதான் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

‘அடுத்த வெள்ளி’ என்பதை முற்றிலும் விலக்குங்கள். செவ்வாயன்று படிப்பவருக்கு அது மூன்று நாளில் வரும் வெள்ளியா, அதற்கடுத்த வாரத்து வெள்ளியா? பாதிப் பேர் ஒன்றும் மீதிப் பேர் மற்றொன்றுமாகப் புரிந்துகொள்வார்கள். ‘நாளை’, ‘இன்று மாலை’ என்பவையும் அப்படியே. மடலை இரண்டு நாள் கழித்துத் திறப்பவர்கள் நிறையப் பேர். ‘12 மணி’ என்று மட்டும் எழுதாமல் ‘நண்பகல் 12’ என்று எழுதுங்கள்.

‘வரலாம்’, ‘வர வேண்டும்’, ‘வந்தால் நல்லது’ மூன்றும் வேறு வேறு. கட்டாயமா விருப்பமா என்பதை ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவாக எழுதுங்கள். கட்டாயம் இல்லாததற்கு ‘வேண்டும்’ போட்டால், வேலையில் விடுப்பு எடுத்து வந்தவர் அடுத்த முறை எதையும் நம்ப மாட்டார்.

எல்லாப் பிள்ளைகளும் அம்மா அப்பாவுடன் வாழ்வதில்லை. ‘தாய் தந்தை இருவரும் தவறாமல் வருக’ என்பதைவிட ‘வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் வர வேண்டும்’ என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். தாத்தாவோடு வளரும் பிள்ளையும் தன் வகுப்பில் அந்த வரியைப் படிக்கும்.

7. பக்க அமைப்பு

ஏ4 தாளின் இரண்டு பக்கம் போதும். முதல் பக்கத்தின் மேல் பாதியில் குடும்பங்கள் செய்ய வேண்டியவை, கடைசி நாளின் வரிசையில். கீழ்ப் பாதியில் வரவிருக்கும் நிகழ்ச்சிகள், தேதி வரிசையில். பின்பக்கம் வகுப்புச் செய்திகள். முதல் பக்கத்தை மட்டும் சமையலறைச் சுவரில் ஒட்டிவைக்க முடிய வேண்டும் என்பதே கணக்கு. வாழ்த்துரை இருந்தால் பின்பக்கத்தில், நான்கு வரியில். இதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லத் தயங்க வேண்டாம். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். மடித்துச் சிறு புத்தகமாகச் செய்ய ஆசைப்பட்டால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெற்றுப் பக்கம் மிஞ்சும், அதை நிரப்பப் பொன்மொழி தேடுவீர்கள்.

எழுத்துரு யூனிகோடாக, அதாவது எந்தக் கணினியிலும் கைபேசியிலும் தமிழாகவே தெரியும் வகையாக மட்டுமே இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டும் தமிழாகத் தெரியும். அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்துக் கைபேசியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாக வரும். பிடிஎஃப் ஆக்கினால் பார்வைக்குச் சரியாக இருக்கும். ஆனால் தேடவும் முடியாது, பார்வையற்ற பெற்றோரின் கைபேசி அதை வாசித்துக்காட்டவும் முடியாது.

அதே காரணத்துக்காக, அறிவிப்பைச் சுவரொட்டிப் படமாக மட்டும் செய்து அனுப்பாதீர்கள். வேறு மொழிக் குடும்பங்கள் அறிவிப்பை மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டித்தான் படிக்கிறார்கள். எழுத்தாக இருந்தால் அது ஒரு தட்டலில் முடியும்.

எழுத்தளவு 12 புள்ளிக்குக் குறைய வேண்டாம். பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்பது இணையத்தில் படிக்கும் சிறு எழுத்துகளுக்கு உலக அளவில் ஏற்கப்பட்ட அளவுகோல். வெளிர்மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து இதில் தேறாது. முக்கியமானதைச் சிவப்பில் மட்டும் காட்டினால், கறுப்புவெள்ளை நகலில் அது மற்ற எழுத்தோடு கலந்துவிடும். தடித்த எழுத்தும் சேர்த்துப் போடுங்கள்.

கியூஆர் கோடு போட்டால் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டுப் போடுங்கள். திரையில் சோதித்தால் போதாது, அச்சிட்ட தாளில் சோதியுங்கள். கைபேசியில் மடலைப் படிப்பவர் தன் திரையில் உள்ள கோடைத் தானே படம் பிடிக்க முடியாது என்பதால், பக்கத்திலேயே இணைப்பையும் கொடுங்கள்.

8. மெய்ப்பு பார்த்தல்

எழுதியவரே மெய்ப்பு பார்த்தால், தாளில் இருப்பது தெரியாது. தான் எழுத நினைத்ததுதான் தெரியும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தேதி, கிழமை, நேரம் மட்டும் பார்ப்பவர். அவர் செய்திகளைப் படிக்கவே வேண்டாம். மற்றவர் பள்ளிக்குப் புதிய குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. ‘சிறிய அரங்கம்’, ‘பின்வாசல்’ என்று நாம் சர்வ சாதாரணமாக எழுதுவது எங்கே இருக்கிறது என்று அவர்தான் கேட்பார்.

தொலைபேசி எண்ணைக் கண்ணால் சரிபார்க்காதீர்கள், அழைத்துப் பாருங்கள்.

இணைய இணைப்பைப் பள்ளிக் கணக்கில் நுழைந்திராத ஒரு கைபேசியில் தட்டிப் பாருங்கள். இது நிறையப் பேர் இடறும் இடம். பள்ளிக் கணக்கில் உருவாக்கிய கூகுள் படிவம் பள்ளி ஆட்களுக்கு மட்டும் திறக்கும்படி அமைந்திருக்கலாம். தயாரித்தவருக்கும் தலைமை ஆசிரியருக்கும் அழகாகத் திறக்கும். வெளியே இருக்கும் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ‘அனுமதி தேவை’ என்று வரும்.

9. அனுப்புதல்

வாட்ஸ்அப்பில் பிடிஎஃபை மட்டும் அனுப்பினால் பலர் திறக்க மாட்டார்கள். அதற்கு மேல் மூன்று வரி எழுதுங்கள்: இந்த வாரம் செய்ய வேண்டியது, அருகில் வரும் தேதி, மீதி இணைப்பில். மூன்று வரியை மட்டும் படித்தவரும் எதையும் தவறவிடக் கூடாது.

வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதியில், அனுப்புவது உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். சேமிக்காதவருக்குப் போகாது, போகவில்லை என்று உங்களுக்கும் தெரியாது. ஆகவே ஆண்டின் தொடக்கத்தில் எண்ணைச் சேமிக்கச் சொல்லி, ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் வாங்குங்கள். குழுவாக வைத்தால் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாற்பது ‘நன்றி’களுக்குக் கீழே மடல் புதைந்துபோகும். மின்னஞ்சல் என்றால் முகவரிகளை மறை நகல் (Bcc) பகுதியில் போடுங்கள். ஒரு குடும்பத்தின் முகவரியை மற்ற எல்லாருக்கும் காட்டும் உரிமை நமக்கு இல்லை.

அவசரத்துக்குக் குறுஞ்செய்திதான் உறுதியான வழி. ஆனால் தமிழில் அளவு சிறியது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 இடம். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘பள்ளி’ மூன்று எழுத்து, ஆனால் ஐந்து இடம். ‘வியாழன் 12.3.2026: பள்ளி மதியம் 12.30க்கு முடியும்.’ இதற்கு 51 இடம், ஒரே செய்தியில் அடங்கும். ‘அன்பார்ந்த பெற்றோர்களுக்கு’ என்று தொடங்கினால் அடங்காது.

தாளில் பெறும் குடும்பங்களுக்கு, வீட்டின் கடைக்குட்டியிடம் கொடுத்தனுப்புங்கள். சின்னப் பிள்ளையின் பையை வீட்டில் தினமும் திறந்து பார்ப்பார்கள். ஐந்தாம் வகுப்பு அண்ணனின் பை அப்படியல்ல.

10. மாற்றமும் திருத்தமும்

பிழை வரும். வந்தால் சத்தமில்லாமல் கோப்பை மாற்றி வைக்காதீர்கள். பழையதைப் படித்து முடித்தவர் மறுபடி வந்து பார்க்க மாட்டார். வாட்ஸ்அப் செய்தியை அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஆனால் திருத்தியது பற்றி யாருக்கும் புதிய அறிவிப்பு மணி அடிக்காது. தேதிப் பிழை என்றால் புதிய செய்தியாகவே அனுப்புங்கள்.

திருத்தத்தில் மூன்று இருக்கட்டும்: எது தவறு, எது சரி, எது மாறவில்லை. ‘திருத்தம்: விளையாட்டு நாள் 14 அல்ல, 13.3.2026 வெள்ளி. நேரமும் இடமும் மாறவில்லை.’ மூன்றாவதை விட்டுவிட்டால் ‘அப்படியானால் நேரமும் மாறிவிட்டதா?’ என்று கேட்டு இருபது பேர் அழைப்பார்கள். யாருடைய தவறு என்ற விளக்கம் வேண்டாம். மன்னிப்பு ஒரு வரிக்கு மேல் போக வேண்டாம்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள்: 2026-03-12. கோப்புகள் தாமே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். திருத்திய பிரதிக்கு அதன் பின்னால் ‘திருத்தியது’ என்று சேருங்கள். ‘இறுதி’, ‘இறுதி புதியது’, ‘உண்மையான இறுதி’ என்று மூன்று கோப்பு வைத்திருந்தவர், ஒப்புதல் பெறாததைத்தான் அச்சுக்கு அனுப்பினார்.

11. அனுப்பிய மாலையில்

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். மடல் வெளியான பிறகு வாசலிலும் தொலைபேசியிலும் வரும் கேள்விகளை அப்படியே எழுதுங்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால், மடலில் ஒரு வரி குறைகிறது என்று பொருள். அந்த வரியை அடுத்த மடலின் மாதிரியில் நிரந்தரமாகச் சேருங்கள். என் குறிப்பேட்டில் முதல் ஆண்டு முழுவதும் ‘எத்தனை மணிக்கு முடியும்?’ என்பதே நிறைந்திருந்தது. இரண்டாம் ஆண்டில் ‘சாப்பாடு கொடுத்துவிட வேண்டுமா?’ என்று ஆகியது.

அதே மாலையில் அடுத்த மடலுக்கான கோப்பைத் திறந்து, முடிந்துபோன தேதிகளை அழித்துவிடுங்கள். வரவிருப்பவை மட்டும் மிஞ்சட்டும். திங்கள் காலை அந்தக் கோப்பைத் திறக்கும்போது நாட்காட்டியில் பாதி வேலை முடிந்திருக்கும்.